கலை வரலாறு படிக்க இணையத்தில் எங்கே போகலாம்: தாராசுரத்திலிருந்து

அஞ்சல் வழியில் கலை வரலாறு படிக்கிறேன். வீடு தாராசுரத்தில், ஐராவதேசுவரர் கோயில் பத்து நிமிட நடை. ஆனாலும் அந்த அறுபத்துமூவர் குறுஞ்சிற்பங்களுக்கு முன்னால் போய் நின்றால் எதைப் பார்ப்பது என்றே முதல் வருஷம் தெரியவில்லை. காசு கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பில் அரசர் பெயரும் ஆண்டும் வாசித்தார்களே தவிர, ஒரு சிற்பத்தின் மேல் இரண்டு நிமிடம் நிற்கவில்லை.

பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஸ்மார்ட்ஹிஸ்டரி (Smarthistory) என்ற கலை வரலாற்றுத் தளம்தான். 2005இல் தொடங்கியது, முழுக்க இலவசம். பல வீடியோக்களில் இரண்டு பேர் ஒரு படைப்பைப் பார்த்தபடி பேசிக்கொள்கிறார்கள், உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, துணி மடிப்பு எப்படி விழுகிறது, சிற்பி நம்மை எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறான் என்று. கிரேக்கச் சிலைகள் பற்றிய சிலவற்றைப் பார்த்துவிட்டுத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனேன். திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன், 1011ஆம் ஆண்டுச் செப்புத்திருமேனி, பக்கத்தில் காளை இல்லை, ஆனால் அவர் கை அதன் மேல் சாய்ந்தபடியே இருக்கிறது. அந்தக் கையை வைத்தே காளையின் உயரத்தை மனசில் போட்டுப் பார்க்க முடிந்தது. முன்பு மூன்று தடவை அதே இடத்தில் நின்றிருக்கிறேன், தலையில் பாம்பும் சடையும் சுற்றியிருப்பதைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

ஸ்மார்ட்ஹிஸ்டரியின் குறை என்றால், பெரும்பாலும் ஆங்கிலம், ஐரோப்பாவுக்குக் கிடைக்கும் இடம் சோழருக்கு இல்லை. படம் பெரிதாக்கிப் பார்க்க நியூயார்க் மெட் அருங்காட்சியகத் தளம் நல்லது, 2017 முதல் உரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். தமிழிலேயே வேண்டுமென்றால் வரலாறு.காம், அதிட்டானம் (கோயிலின் அடித்தளம்), கபோதம் (வளைந்த கூரை விளிம்பு) என்று கோயிலை உறுப்பு உறுப்பாகச் சொல்லிப் பழக்கும்.

ஆனால் நம் டெல்டாக்காரர்கள் தவறவிடக்கூடாதது ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் கிடைக்கும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் (South Indian Inscriptions) என்ற நூல்வரிசையின் இரண்டாம் தொகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன, மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும். ராஜராஜனும் அக்கன் குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த திருமேனிகளைப் பாதாதி கேசாந்தம் (பாதம் முதல் தலைமுடி வரை) இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கை (கைகள்), பீடம் இவ்வளவு என்று அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோயில்காரர்களே தயாரித்த அருங்காட்சியகப் பட்டியல் மாதிரி இருக்கிறது, படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. கோப்பு பெரியது, போனில் திணறும், தமிழ் எழுத்தில் தேடினால் சரியாக வராது, அதனால் பொருளடக்கத்திலிருந்து போங்கள்.

திருமேனிகள் வரும் பக்கங்களை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். பிரதோஷம் இல்லாத நாளாகப் பார்த்துப் பெரிய கோயிலுக்குப் போய், பிராகாரத்தைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகைத் தூண்களில் அந்த வரிகளைத் தேட வேண்டும்.