கம்பளி விரிப்பின் வாடைக்கு ஆப்ப சோடா: எதுவரை கைகொடுக்கும்?

கம்பளி விரிப்பில் வாடை என்றதும் எல்லோரும் சொல்லும் மருந்து ஆப்ப சோடா. விலை மலிவு, மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது, உலர்ந்த தூளாகத் தூவினால் கம்பளியைக் கெடுப்பதும் இல்லை. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். எல்லா நாற்றத்துக்கும் இதையே தூவுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

சோடா லேசான காரம், அதாவது அமிலத்தை முறிக்கும் பொருள். ஆகவே புளித்த வாடைகளை நன்றாகப் பிடிக்கும்: கொட்டிய பால், குழந்தை கக்கியது, கால் வியர்வை. பூனை மூத்திரத்தின் நெடி அம்மோனியா, அதுவும் காரம். காரத்தைக் காரம் முறிக்காது. பூசண வாடைக்கும் சோடா உதவாது, ஏனென்றால் அங்கே ஈரம் போகாதவரை பூசணம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஐந்துக்கு எட்டு அடி விரிப்புக்கு 400 கிராம் போதும். தூவுவதற்கு முன் விரிப்பைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் வாக்குவம் ஓட்டுங்கள். அடியில் தங்கிய மண் கீழே கொட்டும். இதைச் செய்யாமல் தூவினால் சோடா அந்த மண்மேல்தான் உட்காரும். பிறகு நிமிர்த்தி, மாவுச் சல்லடையால் சீராகத் தூவி, மென்மையான பிரஷ்ஷால் நூலின் போக்கிலேயே தடவிவிட்டு, ஓர் இரவு விடவும். காலையில் வாக்குவமை மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டவும். சுழலும் பிரஷ் வேண்டாம், நூலைப் பிய்த்துவிடும். விரிப்பு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தூவினால் சோடா கரைந்து அடியில் இறங்கி, காய்ந்ததும் நூல் விறைத்துப்போகும்.

கடையில் வெறுமனே ‘சோடா’ என்று கேட்டு வாங்காதீர்கள். சலவை சோடா கடுங்காரம். கம்பளி முரடாகும், சாயம் கழன்றுவரும். பேக்கிங் பவுடரும் ஆகாது. அதில் கலந்திருக்கும் மாவு ஈரம் பட்டால் பசையாகிவிடும்.

மூத்திர நெடிக்குச் சோடாவைவிட வினிகர் நல்லது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. முதலில் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சிவப்போ நீலமோ ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் நூல் நனையும் அளவுக்கு மட்டும் தெளித்து, பழைய துண்டால் ஒற்றி எடுக்கவும். தேய்த்தால் கம்பளி பந்துபந்தாகத் திரளும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவைப்பது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் இரண்டுமே வீண்.

வளர்ப்புப் பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் திரவங்களின் லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம். பலவற்றில் புரதத்தைச் செரிக்கும் என்சைம் இருக்கிறது. கம்பளியே புரதம்தான். ‘கம்பளி, பட்டுக்கு ஆகாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாசனை ஸ்ப்ரே, பாச்சை உருண்டை, சாம்பிராணிப் புகை மூன்றையும் விட்டுவிடலாம். கம்பளி புதிய மணத்தையும் உறிஞ்சிக்கொண்டு, பழையதோடு சேர்த்தே திருப்பித் தரும்.

எந்த முறையானாலும் தோற்பது உலர்த்தலில்தான். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டே தொட்டால் காய்ந்ததுபோல் காட்டும். நனைந்த பகுதிக்குக் கீழே செங்கல்லோ நாற்காலியோ வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி மின்விசிறி போடவும். 24 மணி நேரத்துக்குள் காயாது என்று தோன்றினால் தொடங்கவே வேண்டாம். சென்னையில் நவம்பர் மழை நாட்கள் இதற்குத் தோதல்ல. வெயிலில் போடுவதானால் கவிழ்த்துப் போடுங்கள், சாயம் வெளுக்காது.

இனி, எதற்கும் மசியாத ஒரு வகை. விரிப்பின் பின்பக்கத்தில் முடிச்சுகள் தெரியாமல் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் விரிப்பு; நூலைப் பிடித்து நிறுத்துவது லேடெக்ஸ் பசை. டயர் கடை நெடி அடிப்பது அந்தப் பசைதான், கம்பளி அல்ல. காற்றாடப் போட்டுவைத்தால் சிலவற்றில் குறையும். பசை கெட்டிருந்தால் குறையாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள். நனைத்து மட்டும் பார்க்காதீர்கள். பசை விட்டு, பின்துணி தனியாகக் கழன்று வரும்.

கையால் முடிச்சுப் போட்டு நெய்த விரிப்பில் மூத்திரம் அடிவரை இறங்கி, மழை நாளில் நெடி மறுபடி கிளம்பினால் அது முழுதாக முக்கி அலச வேண்டிய வேலை. சலவைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கம்பளிக்கான காரமில்லாத சோப்பா? எத்தனை மணி நேரத்தில் உலர்த்துவீர்கள்? ‘இங்கேயே ஷாம்பு போட்டுத் தருகிறோம்’ என்பவர் மேல்நூலை மட்டும்தான் கழுவுவார்.