பழைய மடிக்கணினியை வேகமாக்க: மீள நிறுவலா, ராமா, லினக்ஸா, எஸ்.எஸ்.டி.யா?

எங்கள் வீட்டு மடிக்கணினி, கனடாவில் இருக்கும் மைத்துனர் பாவித்துவிட்டுத் தந்தது. ஐந்தாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜி.பி. ராம் (தற்காலிக நினைவகம்), 500 ஜி.பி. வன்தட்டு, விண்டோஸ் 10. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்ததாகவோ, பாவித்ததாக வாங்கியதாகவோ, இதே வகைப் பொறி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அது நிமிடக் கணக்கில் காக்கவைக்கத் தொடங்கியபோது நான்கு வழிகளை யோசித்தோம்: விண்டோஸை அழித்து மீள நிறுவுவது, ராமைக் கூட்டுவது, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது, வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்துவது. கடைசி வழியைத் தேர்ந்தோம். அதன் பக்கமே இன்றும் சாய்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காசு செலவில்லாத சில்லறை வேலைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, கணினியோடு சேர்ந்து எழும்பும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துங்கள். தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் படங்களையும் வீடியோக்களையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். இவை எல்லாம் கொஞ்சம் உதவும். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல தாமே பின்னணியில் ஓடி இன்னும் பாரத்தை ஏற்றுகின்றன.

மீள நிறுவல்தான் நம் ஊரில் முதலில் கிடைக்கும் ஆலோசனை. செலவு குறைவு, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும், முதல் வாரம் நன்றாகவும் இருக்கும். அந்த முதல் வார வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் அயல் வீட்டு ஆசிரியை ஒருவர் நகரில் ஒரு கடையில் கணினியைக் கொடுத்து எடுத்தார். உண்மையிலேயே வேகமாக இருந்தது. திறந்து பார்த்தால் விண்டோஸ் இற்றைப்படுத்தலும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டர் பாதுகாப்பும் முற்றாக நிறுத்தப்பட்டிருந்தன. “அண்ணை, இந்த இரண்டையும் நிறுத்தினால்தான் பழைய பொறி ஓடும்” என்று கடைத் தம்பி எனக்கு விளக்கினார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த ஆசிரியை வினாத்தாள்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்வருபவர். சில மாதங்களில் வைரஸ் தொற்றி, அவருடைய கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. பாதுகாப்பை விலையாகக் கொடுத்து வாங்கிய வேகம் அது. பாடசாலைப் பிள்ளைகளின் வேலைகள் இருக்கும் கணினிகளில் இப்படிச் செய்வது எனக்குக் கோபத்தையே தருகிறது.

கடைத் தம்பி சொன்ன அந்தப் பாதி உண்மைதான் என் முடிவைத் தீர்மானித்தது. கணினி மந்தமாக இருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு (செயலி) 20 சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அந்த வட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் நீங்கள் திறந்த எதுவும் அல்ல. ஆன்டிமால்வேர் சர்விஸ் எக்ஸிகியூட்டபிள் என்ற பெயரில் டிஃபென்டர் கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் சர்ச், கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று அழைக்கப்பட்ட சிஸ்மெயின், நீங்கள் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும். இற்றைப்படுத்தல் வேறு தன் பங்குக்குக் கோப்புகளை விரித்துப் பதிந்துகொண்டிருக்கும். இவை எல்லாம் விண்டோஸ் தன்னைத் தானே பராமரிக்கும் வேலைகள். அவை நடக்கத்தான் வேண்டும்.

விண்டோஸின் தன்னியக்கப் பராமரிப்புக்கு இயல்பாகக் குறிக்கப்பட்டிருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கணினி மூடிக் கிடக்கும், மின் இணைப்பும் பிடுங்கப்பட்டிருக்கும். இடி மின்னலுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பயந்து இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். தவறவிட்ட பராமரிப்பு, கணினி அடுத்துக் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது தொடங்கும். மாலையில் மகள் உயர்தர வகுப்பின் காணொளியைத் திறந்துவைத்துக் குறிப்பெடுக்கும் ஒன்றிரண்டு மணி நேரமே அந்தப் பொறி நாள் முழுவதும் உயிரோடு இருக்கும் நேரம். நாள் முழுவதற்குமான பராமரிப்பும் அவளுடைய வேலையும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரே வட்டுக்காக முட்டிக்கொள்கின்றன. நாள் முழுவதும் கணினி ஓடும் அலுவலகத்தில் இதே பொறி இவ்வளவு மந்தமாகத் தெரியாது. மீள நிறுவல் ஏன் நிலைக்காது என்பதும் இதிலிருந்தே விளங்கும். புதிதாக நிறுவிய விண்டோஸ் எல்லா இற்றைப்படுத்தல்களையும் மறுபடி இறக்க வேண்டும், அட்டவணையை முதலிலிருந்து போட வேண்டும். பராமரிப்பு வேலை அங்கே கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆகவே கேள்வியை இப்படிக் கேட்டேன்: பராமரிப்பை நிறுத்தாமல், அது நம் கையை இடறாமல் செய்வது எப்படி?

மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செக்கன். ஊசி சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தால், வட்டில் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும்போது செக்கனுக்கு அறுபது எழுபது தடவைக்கு மேல் அதனால் முடியாது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை; மலிவான வகை கூடச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் “செக்கனுக்கு 500 எம்.பி.” என்ற எண்ணைப் பார்த்து இதை மதிப்பிட வேண்டாம். ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கையில் வன்தட்டும் 100 எம்.பி. அளவுக்குக் கொடுக்கும், அங்கே வித்தியாசம் ஐந்து மடங்குதான். வைரஸ் சோதனையும் அட்டவணையும் இற்றைப்படுத்தலும் செய்வது சிதறிய சின்ன வாசிப்புகள். அங்கே வித்தியாசம் நூறு மடங்கையும் தாண்டும். கடைத் தெருவில் ஒரே ஆள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஓடி ஓடிச் சாமான் எடுத்துக் கொடுப்பதற்கும், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

பொருத்திய பிறகு எங்கள் பொறி அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. டிஃபென்டர் சோதிக்கிறது, இற்றைப்படுத்தல் நடக்கிறது, மகள் அதை உணர்வதில்லை. எதையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. இதுதான் நான் தேடியது. மாறாதவற்றையும் சொல்ல வேண்டும்: இணையம் மெதுவாக இருக்கும் இரவில் காணொளி முன்போலவே நின்று நின்று ஓடுகிறது, கனமான கணக்கீட்டு வேலைகளில் பழைய ஐ3 பழைய ஐ3தான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தத் தலைமுறைப் பொறிகளில் பலவற்றில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு வகையில் இரண்டரை அங்குல வட்டுக்கான இடம், ஆகவே அதே அளவு எஸ்.எஸ்.டி. கேளுங்கள். சின்ன அட்டை வடிவிலான எம்.2 வகையை வாங்குவதற்கு முன் உங்கள் பொறியில் அதற்கு இடம் இருக்கிறதா, அந்த இடம் சாட்டா இணைப்பை ஏற்குமா, என்.வி.எம்.இ. என்ற இணைப்பை ஏற்குமா என்று மாதிரி எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். பழைய வன்தட்டை அப்படியே படியெடுத்து மாற்றலாம், விண்டோஸை மீள நிறுவத் தேவையில்லை. மூடியைக் கழற்றும்போது விசிறியையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள். சோளகக் காற்று வீசும் காலத்தில் எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் தூசி விசிறிக்குள் படிந்து சூட்டைக் கூட்டுகிறது, சூடு கூடினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எஸ்.எஸ்.டி. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 240 ஜி.பி. கொள்ளளவுள்ள மலிவான வகைகளுக்கு 80 டி.பி. (80,000 ஜி.பி.) எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் அதற்கு 4,000 நாள், ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும். வீட்டுப் பாவனையில் அவ்வளவு எழுதப்படுவதே அரிது. உண்மையான குறை வேறு. வன்தட்டு கெடுவதற்கு முன் பல வேளைகளில் டிக் டிக் என்று சத்தமிட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. எந்த அறிகுறியும் காட்டாமல் ஒருநாள் நின்றுவிடலாம், அதிலிருந்து தரவை மீட்பதும் கடினம். கழற்றிய பழைய வன்தட்டுக்கு யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கிப் போட்டு, வாரத்துக்கொருமுறை முக்கியமான கோப்புகளை அதில் படியெடுத்து வைக்கிறோம்.

ராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4 ஜி.பி. போதாது, 8 இருந்தால் நல்லது. ராம் நிரம்பும்போது விண்டோஸ் மீதியை வட்டில் எழுதி வைக்கிறது. வட்டு வன்தட்டாக இருந்தால் அது இன்னொரு பாரம். ஆனால் ராமைக் கூட்டியதால் பராமரிப்பு வேலைகளின் வாசிப்பு குறைந்துவிடாது. இரண்டையும் ஒன்றாக வாங்கக் காசு இல்லையென்றால் முதலில் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள். பிறகு ராம் வாங்குகையில், டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.3 எல், டி.டி.ஆர்.4 என்ற வகைகளில் உங்கள் பொறிக்கு உரியது எதுவென்று பார்த்து வாங்குங்கள். சில பொறிகளில் ராம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது.

லினக்ஸ்தான் எஸ்.எஸ்.டி.க்கு உண்மையான போட்டியாளர். பராமரிப்பு என்ற அளவுகோலில் அது விண்டோஸை வெல்கிறது: லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் இற்றைப்படுத்தல், நீங்கள் சொல்லும்போதுதான் நடக்கும், மகளின் வகுப்பு நேரத்தில் தானாகப் புகுந்து வட்டைப் பிடிக்காது. அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பு 4 ஜி.பி. ராமில் வசதியாக ஓடுகிறது. மின்ட் 22 தொடருக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்த் தட்டச்சுக்கு தமிழ்99 மட்டுமல்ல, இலங்கையில் பழகிய ரங்கநாதன் விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. ஆனால் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகத்தோடு தொடர்பு உள்ளவர்களும், பேஜ்மேக்கர், போட்டோஷாப் வைத்துப் பிழைப்பவர்களும் மாறுவது கடினம். லினக்ஸில் என் அனுபவம், தம்பியின் பழைய பொறி ஒன்றில் அவ்வப்போது பாவித்த அளவுக்குத்தான். அங்கே வன்தட்டிலேயே அது விண்டோஸை விடத் தெளிவாக இலகுவாக ஓடியது, ஆனாலும் எஸ்.எஸ்.டி. தரும் உடனடித் தன்மை அதில் வரவில்லை. ஐந்து சதம் செலவழிக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு நான் லினக்ஸையே சொல்வேன்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. எங்கள் பொறி போன்றவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. அதற்கு இன்டெலின் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்தால் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2026 அக்டோபர் 13 வரை நீளும், நாங்கள் பதிந்திருக்கிறோம். அதற்குப் பிறகு எங்கள் பொறியிலும் மின்ட் ஏறும். மீள நிறுவலுக்குக் காசு செலவழித்திருந்தால் அது அப்போது கரைந்துபோயிருக்கும்; எஸ்.எஸ்.டி.யோ அதே இடத்தில் இருந்து மின்ட்டுக்கும் வேலை செய்யும். அந்தப் பொறி முற்றாகப் பழுதானாலும் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம்.

புதிய மடிக்கணினி வாங்கக் காசு இருப்பவர்கள் வாங்கலாம், இந்தச் சிக்கல் எதுவும் அவர்களுக்கு இல்லை. பாவித்தது வாங்குகிறவர்கள் மட்டும், விலை பேசும் முன் அதைக் கடையிலேயே திறந்து, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்குக்குக் கீழே எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கிறதா, எச்.டி.டி. (வன்தட்டு) என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். எச்.டி.டி. என்றிருந்தால், எஸ்.எஸ்.டி.யின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.