மனநோயுடன் ஹெபடைடிஸ் சி: சிகிச்சையை இப்போதே தொடங்குவதா, பொறுத்திருப்பதா?

இருமுனை மனநோய்க்கோ மனச்சிதைவுக்கோ நெடுநாளாக மருந்து உட்கொண்டுவரும் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தால், "முதலில் மனம் தேறட்டும், கல்லீரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற அறிவுரை இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் அதற்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணம் போன பிறகும் அறிவுரை மட்டும் தங்கிவிட்டது என்பதே என் கருத்து.

இன்டர்ஃபெரான் ஊசியையும் ரிபாவிரின் மாத்திரையையும் விட்டால் வேறு வழியில்லாதிருந்த ஆண்டுகளில், சிகிச்சை 24 முதல் 48 வாரங்கள் வரை நீண்டது. முதல் மரபணு வகை வைரஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே குணமடைந்தனர். இன்டர்ஃபெரான் தன்னளவிலேயே பலருக்கு மனச்சோர்வையும், சிலருக்குத் தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடியதாக இருந்ததால், மனநோய் உள்ளவர்களைக் காத்திருக்கச் சொன்ன மருத்துவர்கள் கவனத்தோடுதான் நடந்துகொண்டார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவில், வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரையான சோஃபோஸ்புவிர் ஒப்புதல் பெற்ற பிறகு நிலைமை மாறியது. இப்போது பெரும்பாலானோருக்கு 12 வாரங்கள் மாத்திரை மட்டுமே போதும். நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. தலைவலியும் களைப்பும்தான் பொதுவாகச் சொல்லப்படும் பக்கவிளைவுகள். இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே இம்மருந்துகள் இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆகவே இன்று எடைபோட வேண்டியவை இரண்டு: உடனே தொடங்குவது, சில வாரங்கள் ஆயத்தமான பிறகு தொடங்குவது. சிகிச்சையே வேண்டாம் என்பதைக் குறித்து நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்க நோய்க்கு ஆளாகிறார்கள், அதுவும் வெளியே அறிகுறி அதிகம் தெரியாமலே.

உடனே தொடங்குவதற்கு உண்மையான தடை பெரும்பாலும் மனநோயாக இருப்பதில்லை, அதற்காக உட்கொள்ளும் மருந்தாகத்தான் இருக்கிறது. மனநிலையைச் சீராக்கத் தரப்படும் கார்பமசபினும், வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர், வெல்படஸ்விர் ஆகிய ஹெபடைடிஸ் சி மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். மாத்திரையை ஒருநாள் தவறாமல் விழுங்கினாலும் வைரஸ் எஞ்சிவிடக்கூடும். மனநிலையைச் சீராக்கும் வேறு மருந்துகளான லித்தியத்துடனும் வால்ப்ரோயேட்டுடனும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வால்ப்ரோயேட் கல்லீரலையே பாதிக்கக்கூடியதால், கல்லீரல் ஏற்கெனவே சிதைந்தவருக்கு அதைத் தருவதில் தயக்கம் உண்டு. கார்பமசபினால் பல ஆண்டுகள் நிலையாக இருக்கும் ஒருவருக்கு அதை அவசரமாக மாற்றினால் பித்துநிலையோ (கட்டுக்கடங்காத மனஎழுச்சி) மனச்சோர்வோ திரும்பலாம். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் மெல்ல மெல்ல வேறு மருந்துக்கு மாறி, பழைய மருந்தின் தாக்கம் உடலைவிட்டு விலகும்வரை சில வாரங்கள் பொறுப்பதே இவருக்கு நல்லது. நோயாளியோ வீட்டாரோ தாமாகவே மனநல மருந்தை நிறுத்துவதுதான் எல்லா வழிகளிலும் ஆபத்தானது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதைக் கல்லீரலின் நிலைதான் முடிவுசெய்ய வேண்டும். தழும்பு அதிகமில்லாத கல்லீரலுக்கு இரண்டு மூன்று மாதத் தாமதம் பெரிய இழப்பைத் தராது. சுருக்க நோய் வந்துவிட்டவருக்கோ ஒவ்வொரு மாதமும் கணக்கில் சேரும். அவருடைய இரு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசி நாளைக் குறிப்பதே முறை. கல்லீரல் செயலிழப்பை எட்டியவர்களுக்கு ரிபாவிரினும் சேர்க்கப்படுவதுண்டு. அது இரத்தசோகையையும் தூக்கமின்மையையும் தரக்கூடும் என்பதை மனநல மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிடமாட்டார் என்ற ஐயத்தைப் பலர் எழுப்புகிறார்கள். ஏற்கெனவே இரவு மருந்தை அம்மாவோ மனைவியோ எடுத்துக்கொடுக்கும் வீட்டில், அதோடு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது எளிது. தனியாக வாழ்பவருக்குத்தான் மாற்று ஏற்பாடு தேவை. கடுமையான நெருக்கடியில், தற்கொலை எண்ணத்தோடோ பிரமைகளோடோ இருப்பவருக்கு அந்தக் கட்டம் தணியும்வரை பொறுப்பது நியாயமே. அந்த இடைவெளியில் ஹெபடைடிஸ் பி பரிசோதனையை முடித்துவிடலாம். சி வைரஸ் நீங்கும்போது மறைந்திருந்த பி வைரஸ் கிளர்ந்தெழக்கூடும் என்பதால் அது எப்படியும் தேவைப்படும்.

சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து எடுக்கும் வைரஸ் அளவுப் பரிசோதனையில் வைரஸ் இல்லையென்று வந்தால் நோய் குணமாகிவிட்டது என்று பொருள். குணமான பின்னும், வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய பொருளைத் தேடும் எதிர்ப்பொருள் பரிசோதனை பெரும்பாலும் "உள்ளது" என்றே காட்டும். மனநல மருத்துவமனையிலோ காப்பகத்திலோ பின்னாளில் சேர நேர்ந்தால் அதைக் கண்டு இவரை இன்னும் தொற்றுள்ளவர் என்று ஒதுக்கிவைக்கக்கூடும். அதனால் அந்தக் கடைசி வைரஸ் அளவு அறிக்கையின் நகலை மனநல மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.