தகரக் கூரை நூலகமும் கட்டட நிதியும்: பாவித்துப் பார்த்தவனின் விமர்சனம்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நாலும் அங்கே வேலை செய்கிற இரண்டு பேருக்கு. கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை, கட்டடம் என்று ஒன்று இருந்தால்தானே கொடுப்பதற்கு.

வன்னியில், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியிலிருந்து கிழக்கே இறங்கினால் வருகிற ஒரு சின்ன நகரம். நகரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சந்தி, ஒரு சந்தை, இரண்டு மருந்துக்கடை, பஸ் திரும்புகிற இடம், அவ்வளவுதான். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் நாளைக்குக் காலையில் நூலகரைத்தான் கூப்பிட்டு "யார் எழுதினது?" என்று கேட்பார்கள். அந்த மனுசிக்கு ஏற்கெனவே போதுமான கரைச்சல் இருக்கிறது.

நூலகம் இருப்பது ஒரு பழைய நெல் களஞ்சியத்தின் பாதியில். தகரக் கூரை. காலை 11 மணிக்குப் பிறகு உள்ளே இருந்தால் பாண் போறணைக்குள் இருக்கிற மாதிரி. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அமைதி காக்கச் சொல்லும் பலகைக்கு அன்றைக்கு மட்டும் வேலை இல்லை. அலுமாரிகளின் கீழ்த்தட்டு எல்லாமே காலி. முதல்முறை போனபோது புத்தகம் போதாது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கறையானுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து விட்டு வைத்திருக்கிறார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்த அந்த வெள்ளத்தில் இங்கேயும் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் போய், வெயில் வந்ததும் நூலக உதவியாளர் தன் வீட்டில் நெல் காயப்போடுகிற தறப்பாளைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாராம். அப்படிக் காய்ந்த புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, அப்பளம் மாதிரி நெளிந்து.

சரி, சேவை. இதைத்தான் நான் பாராட்ட வந்தேன். என் மகள் ஏழாம் ஆண்டு படிக்கிறாள். அவள் எந்தப் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தாள், எதை இரண்டாம் முறை எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது, நூலகருக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை வருட வாரியாகத் தைத்து வைத்திருக்கிறார், போட்டோப்பிரதி எடுக்கக் காசில்லாத பிள்ளைகள் அங்கேயே இருந்து கொப்பியில் செய்து பார்க்கலாம். காலையில் வயதானவர்கள் பத்திரிகைக்கு வருவார்கள். வருவது ஒரே ஒரு பிரதி. அதைத் தாள் தாளாகப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பி விடுவார்கள். முதலில் யாருக்கு மரண அறிவித்தல் பக்கம் என்பதில் மட்டும் ஒரு சின்ன இழுபறி இருக்கும். ஒருநாள் ஒரு அம்மா சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். நூலகர் அதை வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்து, முகவரியும் எழுதி ஒட்டி அனுப்பினார். இது எந்த நூலகச் சேவைப் பட்டியலிலும் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை நாலரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து, ரியூசன் முடிந்து வரும்போது ஐந்து ஐந்தரை. அப்படியென்றால் யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள்? மலசலகூடம் இல்லை, எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைக்காரர் பெரிய மனதோடு விடுகிறார். புத்தகப் பட்டியல் ஒரு தடித்த கொப்பியில். புத்தகங்களின் முதுகில் வகைப்பாட்டு இலக்கம் ஒட்டியிருக்கிறது, 894.811 என்ற தமிழ் இலக்கியத் தட்டு பிதுங்கி வழிகிறது, விஞ்ஞானத் தட்டில் காற்று வாங்குகிறது. அப்புறம் அந்தப் பெட்டிகள். வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த பெட்டிகள்தான், நான் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: எந்தக் கணினியிலும் இனி ஓடாத மென்பொருளுக்கான வழிகாட்டி, வேறு நாட்டு வரிச் சட்டம், யாரோ படித்து முடித்த கணக்கியல். உங்கள் வீட்டில் இடம் இல்லை என்பதற்காக அனுப்பாதீர்கள். இங்கேயும் இடம் இல்லை.

இப்போது கட்டட நிதி. போன வருடம் ஒரு குழு அமைத்துப் புதுக் கட்டடத்துக்குக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். நானும் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன், அதனால் இந்தப் பகுதியை உள்ளே இருந்து எழுதுகிறேன். நிதி திரட்டலுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டரைதான்.

முதல் பிழை துண்டுப்பிரசுரம். முன்பக்கம் முழுக்க எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் படம். 1981, 97,000 புத்தகங்கள், எல்லோருக்கும் தெரிந்த கதை, யாருக்கும் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். ஆனால் நான் போன வீடுகளில் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்களே தவிர, கை சட்டைப் பைக்குப் போகவில்லை. வன்னிக்கு என்று தனியாக இழப்புக் கதை இல்லையா என்ன? 2009 தொடக்கத்தில், போருக்குள், நாங்கள் தர்மபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூடைக்கு இடம் வேண்டும் என்று அப்பாவின் தகரப்பெட்டி ஒன்றை இறக்கி வைத்தோம். முழுக்கப் புத்தகம். அப்பா அதைப் பூட்டித் திறப்பை மடிக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் திறப்பு மெனிக்பாம் அகதி முகாம் வரைக்கும் வந்தது, இப்போதும் சாமி அறையில் ஆணியில் தொங்குகிறது. இப்படி ஒரு பெட்டி இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கும். நான் மூன்றாவது நாளிலிருந்து துண்டுப்பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு, "உங்கட வீட்டில அப்ப என்ன புத்தகம் இருந்தது?" என்று கேட்க ஆரம்பித்தேன். தேத்தண்ணி வந்தது, கதை வந்தது, பிறகு காசும் வந்தது.

யாழ்ப்பாண நூலகத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு இருக்கிறது, அதைக் குழு எடுக்கவில்லை. அது எரிந்த கதையை விட்டுவிட்டு எழும்பிய கதையைப் பாருங்கள். 1933 இல் க. மு. செல்லப்பா என்கிற ஒருவர் தன் வீட்டில் தொடங்கியது. பிறகு வாடகை இடம். களியாட்ட விழா, சீட்டிழுப்பு என்று காசு சேர்த்து, சென்னையிலிருந்து கட்டடக்கலைஞர் நரசிம்மனைக் கூப்பிட்டு, நூலகவியலாளர் இரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டு, 1959 இல்தான் கட்டடம் திறந்தது. 26 வருடம். அப்போதும் முழுதாக முடியவில்லை. சிறுவர் பகுதி 1967 இல், கேட்போர்கூடம் 1971 இல். அந்த இரங்கநாதன் 1931 இல் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதியே நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற ஒரு உயிர் என்பதுதான். வளருகிறதை ஒரேயடியாகக் கட்டி முடிக்க முடியாது.

எங்கள் குழுவின் வரைபடமோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. இரண்டு மாடி, தூண் வைத்த முகப்பு, கீழே ஒரு பெரிய மண்டபம், புத்தகமெல்லாம் மேலே. கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன், மேல்தளத்துக்கு என்ன பாரம் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று. (நான் பொறியியலாளன் இல்லை, கட்டட வேலைத்தளத்தில் கணக்கெழுதியவன்.) சாதாரண வீட்டுத் தளத்துக்குச் சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரம் என்று கணக்குப் போடுவார்கள், புத்தக அடுக்குகள் நிற்கிற தளத்துக்கு 150 இறாத்தல். கிட்டத்தட்ட நாலு மடங்கு. புத்தகம் என்பது மரம்தானே, அடுக்கி வைத்தால் மரக்காலையின் பாரம் வரும். கம்பியும் சீமெந்தும் அதற்கேற்ப ஏறும். மண்டபத்தை மேலே தூக்குங்கள், அல்லது இப்போதைக்கு விட்டுவிடுங்கள், புத்தகத்தைத் தரையில் வையுங்கள், அத்திவாரம் வெட்டும்போதே கறையான் மருந்து அடியுங்கள், தரையை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள், மாரி மழை வடகிழக்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும், அந்தச் சுவரோடு அலுமாரி வைக்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டக் குறிப்பில் "மண்டபம் பற்றிக் கருத்துகள் கூறப்பட்டன" என்று மட்டும் எழுதினார்கள்.

மண்டபத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அதற்குத்தான் பெயர் வைக்கலாம். வெளிநாட்டில் இருந்து பெரிய தொகை தருகிறவர்கள் தாய் தகப்பன் நினைவாகத் தருகிறார்கள். அது நல்ல மனது, பிழையே இல்லை. ஆனால் மலசலகூடத்துக்கு அம்மாவின் பெயரை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், எங்களுக்கு முதலில் தேவை அதுதான். இப்போதுள்ள மின்விசிறியின் இறகிலேயே உபயகாரரின் பெயர் இருக்கிறது. சுழலும்போது வாசிக்க முடியாது, மின்சாரம் நின்றால் வாசிக்கலாம்.

எதற்குச் சனம் தந்தது என்று என் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்தேன். "கட்டட நிதி" என்று கேட்ட பக்கங்களில் நூறு, இருநூறு. "சிறுவர் பகுதிக்கு ஒரு மேசை", "பத்து சீமெந்துக் கல்லு" என்று பொருளைச் சொல்லிக் கேட்ட பக்கங்களில் கணக்கே வேறு. கமக்காரர்களிடம் போக வேண்டிய காலமும் ஒன்று இருக்கிறது. குழு ஐப்பசியில், வாசிப்பு மாதம் என்று சொல்லிக்கொண்டு போனது. ஐப்பசியில் அவர்கள் காலபோக (மாரிகால நெல்) விதைப்புக்குக் கடன் வாங்கி நிற்கிற நேரம், யார் கையில் காசு இருக்கும்? மாசி பங்குனியில் அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருக்கும்போது போனால் காசே கேட்க வேண்டாம், ஒரு மூடை நெல் ஏற்றிவிடுவார்கள். நாங்கள் மூன்று பேர் ஒரு லாண்ட்மாஸ்ரரை (இரு சக்கர உழவு இயந்திரம்) வாடகைக்குப் பிடித்து அப்படித்தான் செய்தோம். கோயிலுக்குக் கொடுத்துப் பழகிய கை, நூலகத்துக்கு என்றதும் இரண்டு தரம் கேட்டது, ஆனால் கொடுத்தது.

பணத்தை எங்கே போடுவது என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி, நியாயமான கேள்வியும் கூட. நூலகம் பிரதேச சபையினுடையது. கட்டினாலும் அது சபையின் சொத்து. இந்தக் குழு வருவதற்கு முன்பே கட்டடத்துக்கு ஒரு மதிப்பீடு போட்டது 2022 க்கு முன், 2022 இல் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில் அது செல்லாக்காசாகிப் போனது. 2023 பங்குனியில் சபைகளின் காலமும் முடிந்தது, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரைக்கும் தீர்மானம் எடுக்கத் தெரிவான உறுப்பினர்களே இல்லை. இப்போது இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம். கேட்கும்போது கட்டடத்தோடு ஆளணியையும் சேர்த்துக் கேளுங்கள் என்பது என் வாதம். மாலை ஏழு மணி வரை திறந்து வைக்க இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு மாடி கட்டினாலும் நாலரைக்குப் பூட்டுத்தான் விழும். திறப்புவிழாக் கல் பளபளக்க, கதவில் பூட்டுத் தொங்குகிற கட்டடங்கள் இந்தப் பக்கம் வேண்டிய அளவு நிற்கின்றன.

இன்னொரு விசயம், செலவே இல்லாதது. 2005 இலிருந்து இயங்குகிற, "நூலகம்" என்றே பெயர் வைத்த இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள் குவிந்து கிடக்கின்றன, இலவசம். எங்கள் நூலகத்தில் ஒரு கணினி இருக்கிறது, அதன் மேல் துணி போர்த்தியிருக்கிறது. துணியை எடுத்தால் போதும். அப்பாவின் பெட்டியில் இருந்த சஞ்சிகை ஒன்றை நான் அங்கேதான் திரும்பப் பார்த்தேன், ஆனால் என் கைபேசியில்.

நான் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "சிறுவர் பகுதி, தரைத்தளம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன். நீங்களும் கொடுப்பதென்றால் அப்படி எழுதி வாங்குங்கள், குழுவிடம் தனி வங்கிக் கணக்கும் மாதக் கணக்கறிக்கையும் கேளுங்கள். கேட்டதற்குப் பிறகுதான் அறிவித்தல் பலகையில் வரவு செலவு ஒட்டத் தொடங்கினார்கள். இப்போது பத்திரிகைக்கு வருகிறவர்கள் மரண அறிவித்தல் முடிந்ததும் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

நெல் ஏற்றப் போன கடைசி நாளில் ஒரு ஐயா, அரை மூடைதான் முடியும் என்று சொல்லித் தானே தைத்துத் தூக்கி வைத்தார். காலையில் பத்திரிகைக்கு வருகிறவர்தான். லாண்ட்மாஸ்ரர் கிளம்பப் போக, கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, புதுக் கட்டடம் வந்தா பேப்பர் ரெண்டு வருமோ?"

நூலகரிடம் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது பிரதிக்கான காசை நாங்கள் நாலு பேர் மாறி மாறிக் கட்டுகிறோம். கட்டடம் இன்னும் அத்திவாரமும் வெட்டவில்லை.