முன்வாசலில் கூழாங்கல் பரப்புகிறோம் என்று 42,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டின் முன்னால் இருக்கும் புல்தரையை எடுத்துவிட்டுக் கல் பரப்ப நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய 42,000 ரூபாய் போய்விட்டது.

போர்வெல் தண்ணீர் குடும்பத்துக்கே போதாத நிலையில் 600 சதுர அடிப் புல்லுக்கு எங்கிருந்து ஊற்றுவது? வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தோம். வந்தவர் தரையில் குந்தி உட்கார்ந்தார். ஒரு கோரையைப் பிடுங்கி, அதன் கிழங்கை என் மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார். "இதைப் பாருங்கள் அம்மா. அரை அடி தோண்டி இதையெல்லாம் பொறுக்கி எடுக்காமல் மேலே கல்லைக் கொட்டுகிறவன் ஏமாற்றுக்காரன்" என்றார். களைத்தடுப்புத் துணியின் துண்டு ஒன்றைக் காட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, அது கீழே இறங்குவதையும் காட்டினார். கழுவிய கூழாங்கல், மூன்று அங்குல உயரம் என்று தாளில் எழுதித் தந்தார். இவ்வளவு தெரிந்த மனிதரை யார்தான் நம்பமாட்டார்கள்? செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரடியாக ஜிபேயில் அனுப்புங்கள் அக்கா என்றார். அனுப்பினோம், 42,000 ரூபாய்.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. முதல் மழையிலேயே தண்ணீர் குளமாக நின்றது. கல்லிலிருந்து வெள்ளைச் சேறு கரைந்து வாசற்படி வரை வந்தது. கிளறிப் பார்த்தால் கூழாங்கல்லே இல்லை. கிரஷர் தூசி படிந்த முக்கால் ஜல்லி. உயரம் ஓர் அங்குலம். அதாவது ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி) வரவேண்டிய இடத்தில் வந்தது அரை யூனிட்! அடியில் துணிக்குப் பதில் கறுப்புப் பாலிதீன். அதையும் குத்திக் கிழித்துக்கொண்டு கோரை முளைத்திருக்கிறது. மண்வெட்டியால் மேலாகச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிழங்கைக் கையில் வைத்துக் காட்டிய அதே மனிதர்!

அழைத்தால் முதலில் "சைட்டில் இருக்கிறேன் அக்கா" என்றார். பிறகு "மழை பெய்தால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்" என்றார். பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, அதனால் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆளை அனுப்பியது யார்? 42,000 ரூபாய் எங்கள் வீட்டில் பல மாதச் சேமிப்பு. சுற்றிலும் கல் குவாரிகள் உள்ள ஊரில், கல்லிலேயே ஏமாற்றியிருக்கிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. லோடு இறங்கும்போது வீட்டில் ஆள் இருந்து அளந்து பாருங்கள். துணி விரித்ததும், கல் கொட்டுவதற்கு முன் நீங்களே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிழங்குகளைக் குவியலாகக் காட்டச் சொல்லுங்கள். செயலிக்கு வெளியே பணம் கேட்டால் அப்போதே அனுப்பிவிடுங்கள், பணத்தை அல்ல, ஆளை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.