தழும்பு வயிற்றில்தான், கருப்பையில் இல்லை

"நல்ல நாள் பார்த்துச் சொல்லிடுங்க. 38 வாரம் முடிஞ்சதும் எடுத்துடலாம்."

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் இப்படிச் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் வசிக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஃபைல் மேஜைமேல் மூடியபடியே கிடந்தது. வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது ஐந்து சின்னத் தழும்புகள் கண்ணில் பட்டன. "என்ன ஆபரேஷன்?" என்றார். "எடை குறைக்க, இரைப்பை பைபாஸ்" என்றேன். "அப்ப சிசேரியன்தான்மா. ஏற்கெனவே திறந்த வயிறு, ரிஸ்க் எடுக்க வேணாம்." அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. அந்த ஆபரேஷனுக்கு நான் காத்திருந்தது இரண்டரை வருடம். 112 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். ஒன்றரை வருடமாவது போகட்டும், எடை ஒரு நிலைக்கு வந்து சத்துக் குறைவெல்லாம் சரியான பிறகு குழந்தைக்கு முயற்சி செய்யுங்கள் என்றார்கள். அதையும் காத்திருந்தேன். இவ்வளவு காத்திருந்து வந்தவளுக்கு, பிள்ளை எப்படிப் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்ய இரண்டு நிமிடம்.

நான் வந்தது ஏழாம் மாத வளைகாப்புக்கு. 28 வாரம் தாண்டினால் விமானத்தில் ஏறவே டாக்டர் கடிதம் வேண்டும், அதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அம்மாவின் ஆசை. "உன்னைத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன், மூணாம் நாள் பஸ்ல வீட்டுக்கு வந்துட்டேன்" என்று போனில் நூறு முறை சொல்லியிருப்பாள். சரி, மருத்துவமனை மனதுக்குப் பிடித்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே லேபில் ஒரு வாக்குவாதம். "இதைக் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காருங்கக்கா" என்று ஒரு பெண் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினாள். 75 கிராம். வெறும் வயிறு வேண்டாம், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஊசி, 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா முன்வைத்த முறை இது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு பஸ் பிடித்து வருகிற பெண்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் பைபாஸ் செய்த குடலுக்கு அது ஆகாது. சர்க்கரைத் தண்ணீர் இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் விழும். நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கித் தலை சுற்றும். அதனால் லெஸ்டரில் இந்தச் சோதனையே வைக்கவில்லை. ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்தி, காலையில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதச் சொன்னார்கள்.

அந்தத் தாளைக் காட்டினேன். அதில் 4.8, 6.9 என்று இருந்தது. "இது என்னக்கா, சர்க்கரை அஞ்சா?" என்று பயந்துவிட்டாள் அந்தப் பெண். அங்கே அளவு வேறு, நம் ஊர் கணக்குக்கு 18ஆல் பெருக்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய ரிஜிஸ்டர் ஓரத்திலேயே பெருக்கிக் காட்டினேன். "எல்லாரும் குடிக்கிறாங்களேக்கா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கவுண்டரில் சிசேரியன் பேக்கேஜ் தாள் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போவதற்குள் அம்மா மாமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். மாமா ஜோசியரைப் பார்த்துவிட்டு மாலையே வந்தார். "ரெண்டு நாள் குறிச்சுக் குடுத்திருக்கார்மா, ரெண்டுமே நல்ல நட்சத்திரம்." அவருக்கு என் மேல் அவ்வளவு பாசம். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "குழந்தை அது நேரத்துக்கு வரட்டும் மாமா" என்றேன். "டாக்டரே சொல்லிட்டாங்களேம்மா" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சிசேரியன் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகள் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. அவ்வளவு பேருக்கும் காரணத்தை உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்களா? எனக்குச் சொல்லவில்லை, அதுதான் என் ஆதங்கம். லெஸ்டரிலும் குறை உண்டு. ஒவ்வொரு தடவையும் வேறு மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்), ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், போன் போட்டால் அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். ஆனால் அங்கே முதல் சந்திப்பிலேயே, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது, வேறு காரணம் வந்தால் அப்போது பேசுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து எங்கள் ஊர் நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் பிக்மி நம்பர் இல்லாமல் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஆங்கிலத்தில் புரியாத இடத்தில் விரலை வைத்து நிறுத்திக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"அந்த ஆபரேஷன்ல கர்ப்பப்பையில கை வெச்சாங்களா?"

"இல்லைங்க."

"பெறவு என்ன? தழும்பு வயித்துலதானே இருக்கு, கர்ப்பப்பையில இல்லையே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பிள்ளையைச் சிசேரியனில் பெற்றவர்களுக்குக் கருப்பையிலேயே தையல் இருக்கும், வலி எடுக்கும்போது அது விட்டுவிடுமோ என்ற கவலைக்கு அர்த்தம் உண்டு. எனக்கு வெட்டி இணைத்தது இரைப்பையும் குடலும். கும்பகோணத்து அறையில் யாரும் கேட்காத கேள்வியை இவர் திண்ணையில் வைத்துக் கேட்டார்.

அவர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. என் ஹீமோகுளோபின் 9.4. "மாத்திரை உனக்குச் சரியா ஒட்டாதும்மா, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இரும்புச்சத்தை டிரிப்ஸ்ல ஏத்துறோம், டாக்டரம்மாகிட்டச் சொல்லிடறேன்" என்றார். ஏற்றினார்கள், பைசா வாங்கவில்லை. மாதாமாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாமில் என் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிக கவனம் வேண்டியவள் என்று அர்த்தம். அம்மா பயந்தாள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் சொன்ன தஞ்சாவூர் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். ஆபரேஷன் குறிப்பைப் படித்து, குடலை இணைத்த இடத்தில் இருந்த இடைவெளியைத் தைத்து மூடியிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடினார். மூடியிருந்தாலும் குடல் அங்கே போய் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, கருப்பை பெரிதாகும்போது அது கூடும் என்றார். "மேல்வயித்துல விடாம வலிச்சா, வாந்தியும் இருந்தா, கேஸ்னு சோடா குடிச்சுட்டு உக்காந்திராதே. பிரசவ வலின்னும் நினைச்சுக்காதே. ராத்திரியா இருந்தாலும் கிளம்பி வந்துரு. சர்ஜனும் பாக்கணும்." இப்படி ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குழந்தை சற்றுச் சின்னதாக வளர வாய்ப்பிருப்பதால் நான்கு வாரத்துக்கொரு முறை வளர்ச்சி ஸ்கேன். எடை தேங்கினாலோ, குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தாலோ காத்திருக்க மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னார். சிசேரியனே தேவைப்பட்டாலும் வலிக்கு டைக்ளோபெனாக் கூடாது, இரைப்பையை இணைத்த இடத்தில் புண் வரும், பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்.

"வலி எடுக்கறவரைக்கும் காத்திருப்போமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மாவைப் பார்த்து அல்ல. காத்திருப்போம் என்றேன்.

இன்று 33 வாரம். நேற்றைய ஸ்கேனில் குழந்தை 1.9 கிலோ, தலை கீழே திரும்பியிருக்கிறது. திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மாமா குறித்துக் கொடுத்த தாளை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அட்டையை மட்டும் என் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.