ராயல் மைலில் 35 பவுண்டுக்கு வாங்கிய குலச்சின்னம்

அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், குடும்பப் பெயர் டெய்லர், எல்லோரும் காசு போட்டாயிற்று, பரிசு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், ராயல் மைல் தெருவில் பேக்பைப் சத்தத்துக்கு நடுவே வரிசையாக நிற்கும் பரிசுக் கடைகளில் ஒன்றுக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். குடும்பப் பெயரைச் சொன்னால் கணினியில் தட்டி, அந்தப் பெயருக்கான குலச்சின்னத்தை, அதாவது கேடயம் வரைந்த படத்தை, அச்சடித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 35 பவுண்டு, பத்தே நிமிடம். குவளையில் வேண்டுமென்றால் 9 பவுண்டு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் பரவாயில்லை. தாள்தான் சிரிப்பு, பழைய ஓலை மாதிரி மஞ்சளாக, ஒரு மூலையில் நெருப்பு பட்டதுபோல் பழுப்புக் கறை. பக்கத்தில் தொங்கிய ஸ்மித்துக்கும் வில்சனுக்கும் அதே மூலையில் அதே கறை! கீழே இரண்டு பத்தி வரலாறு: டெய்லர் என்பது துணி வெட்டும் தையல்காரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று. அது சரிதான். ஆனால் தையல்காரர் ஊருக்கு ஊர் இருந்திருப்பார், அத்தனை பேருக்கும் எப்படி ஒரே கேடயம்?

அந்தச் சந்தேகம் நாலு கடை தள்ளி உறுதியானது. அங்கே ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில் அதே டெய்லருக்கு வேறு கேடயம், நிறம்கூட வேறு.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாம் குலச்சின்னம் என்று சொல்வதே கொஞ்சம் ஏமாற்றுகிற சொல், ஏனென்றால் பிரிட்டனில் இது குலத்துக்கோ பெயருக்கோ கொடுப்பதில்லை, ஒரு ஆளுக்குக் கொடுப்பது, அவர் வாரிசுகளுக்குப் போவது. இங்கிலாந்தில் கொடுப்பது 1484-ல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் என்ற அதிகாரி, அவருக்குத் தனி நீதிமன்றமே உண்டு, 1672 சட்டப்படி வந்த பதிவேடும் உண்டு, அடுத்தவர் சின்னத்தை எனதென்று போட்டுக்கொண்டால் இங்கே சட்டப்படி குற்றம். அவர் அலுவலகம் இந்தக் கடைகளிலிருந்து நடக்கிற தூரம்தான், நார்த் பிரிட்ஜைத் தாண்டினால் வந்துவிடும். இன்னொன்று, கடையில் முழுப் படத்தையும் கிரெஸ்ட் என்றே விற்கிறார்கள், உண்மையில் கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்துக்கு மேலே நிற்கும் உருவம் மட்டும்.

பெயருக்கும் கேடயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. 1596-ல் ஷேக்ஸ்பியரின் அப்பாவுக்குக் கிடைத்த கேடயத்தில் ஒரு ஈட்டி இருக்கிறது, பெயரிலேயே ஸ்பியர் இருக்கிறதல்லவா, சிலேடை. ஆனால் அதுவும் அந்த மனிதருக்குத்தான், உலகத்து ஷேக்ஸ்பியர் எல்லோருக்கும் இல்லை.

சும்மா என் பெயரையும் தட்டச் சொன்னேன். பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் அப்பா பெயர், முருகேசன். என் மகனுக்குக் குடும்பப் பெயர் என் பெயர். தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயர் மாறுகிற வீட்டுக்கு எந்தக் கேடயத்தை மாட்டுவது! கடைப் பையன் அசரவில்லை. மூன்று எழுத்து தட்டியதும் திரையில் வந்ததைக் காட்டி, "முர்ரே இருக்கு, போடட்டுமா?" என்றான்.

அசல் பார்க்க வேண்டுமானால் அதே தெருவில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குள் திஸில் சேப்பல் இருக்கிறது, 1911-ல் கட்டி முடித்தது. திஸில் என்ற ஸ்காட்லாந்து வீரப் பட்டம் பெற்றவர்களின் இருக்கைகளுக்கு மேலே அவரவர் கிரெஸ்ட், முதுகுப்புறத்தில் அவரவர் கேடயம் பொறித்த தகடு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒரு தேவதை பேக்பைப் வாசிக்கும், தேடிப் பாருங்கள்.

கடையில் வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு, கிளான் பேட்ஜ். கிளான் என்றால் ஸ்காட்லாந்துக் குலம். கிளான் தலைவரின் கிரெஸ்ட்டைச் சுற்றி வார்ப்பட்டையும் பக்கிளும் போட்டிருக்கும். நான் அந்தத் தலைவரின் ஆள் என்றுதான் அதற்குப் பொருள், சின்னம் எனது என்றில்லை. அந்தக் கிளானைச் சேர்ந்தவர் தாராளமாகக் குத்திக்கொள்ளலாம்.

சட்டம் போட்ட படத்துக்கு என் மதிப்பெண் 5-க்கு 2. அந்த இரண்டும் படச்சட்டத்துக்கு. டெய்லர் பிரித்துப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், அவர் மனைவியின் அண்ணன் வேறொரு கடையில் வாங்கிக் கொடுத்தது ஏற்கெனவே கீழ்த்தளக் கழிப்பறைச் சுவரில் இருக்கிறதாம். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வேறு வேறு கேடயத்தோடு.